அறுபது டிகிரியில் ஒரு நரி

கையேடுகளை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர்களிடம் எந்த இயந்திரத்தையும் ஒப்படைக்கக் கூடாது. படிக்காதவர்கள் பயந்துகொண்டே பொத்தானைத் தொடுவார்கள். தவறு நேர்ந்தாலும் அது சிறிய தவறாக இருக்கும். படித்தவர்கள் தன்னம்பிக்கையோடு தொடுவார்கள். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினின் கையேட்டை நான் இரண்டு முறை படித்திருந்தேன். நேர்ந்த தவறும் அந்த அளவுக்கு ஏற்றதாகவே இருந்தது.

எங்கள் வீடு திருப்பூர் வேலம்பாளையத்தில் இருக்கிறது. அப்பா, பதினான்கு தையல் மெஷின்கள் கொண்ட ஒரு சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறார். அம்மா பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பெரிய கம்பெனியின் செக்கிங் பகுதியில் வேலை பார்த்தவர். துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அது அம்மாவைக் கண்டதும் தானே முன்வந்து சரணடைந்துவிடும். அவர்கள் மகளான நான் அப்போது முதுகலைத் தமிழ் இலக்கியம் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேசமாட்டேன். (உறவினர் வீடுகளில் எனக்குப் 'பேசாத புள்ள' என்று ஒரு பெயர் உண்டு. அதையும் நான் மறுத்துப் பேசியதில்லை.)

பழைய மெஷின் இரண்டு தொட்டிகள் கொண்டது. ஒன்றில் துவைத்து, கையால் அள்ளி மற்றொன்றில் போட்டுப் பிழிய வேண்டும். பதினோரு ஆண்டுகள் உழைத்த பிறகு ஒருநாள் அது சுற்றுவதை நிறுத்திக்கொண்டு உறுமுவதை மட்டும் தொடர்ந்தது. அதன் இடத்துக்கு, முன்பக்கத்தில் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த புதிய மெஷின் வந்தது. குளியலறைக் கதவைவிட அது இரண்டு விரற்கடை அகலமாக இருந்ததால், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே அதை நிறுத்தி, குழாய் மாட்டிக் கொடுத்துவிட்டு மெக்கானிக் போய்விட்டார். அம்மா கண்ணாடியின் மேல் மூன்று இடங்களில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு மூன்று நாற்காலிகளைப் போட்டு, நாங்கள் மூவரும் வரிசையாக அமர்ந்து முதல் சலவையைப் பார்த்தோம். துணி வலப்புறமாகச் சுற்றியது, நின்றது, இடப்புறமாகச் சுற்றியது. முக்கால் மணி நேரம் பார்த்தும் கதையில் வேறு திருப்பம் வராததால் அப்பா எழுந்து கம்பெனிக்குப் போனார்.

அம்மாவுக்கு அந்த மெஷின்மேல் தொடக்கத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது. கண்ணாடி வழியே எவ்வளவு குனிந்து பார்த்தாலும் உள்ளே தண்ணீர் தெரியவில்லை.

"ஒரு போசித் தண்ணீல பத்து உருப்படி எப்படி கண்ணு வெளுக்கும்?" என்றார். (போசி என்றால் எங்கள் பக்கத்தில் சிறிய பாத்திரம்.)

முன்பக்கக் கதவுள்ள மெஷின்கள் குறைந்த நீரில் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் துவைப்பவை என்று ஏழாம் பக்கத்தில் இருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மெஷின் முடித்துக் கொடுத்த துணிகளை ஒரு வாளியில் போட்டு, மாடிக்குக் கொண்டுபோய், மறுபடி நன்றாக அலசிக் காயப்போட்டார்.

கையேடு பல மொழிகளில் இருந்தது, தமிழில் இல்லை. ஆகவே எண்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, முழுவதையும் தமிழாக்கம் செய்தேன். உருளை, முன் சலவை, சுழற்றிப் பிழிதல், கதவுப் பூட்டின் இயல்புகள் என்று தலைப்பிட்டு, முக்கியமான இடங்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அதைப் புரட்டிப் பார்த்த அம்மா, இதில் பரீட்சை ஏதும் வருமா என்று கேட்டார். வரும் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பனியன் கம்பெனிக்காரர் வீடுகளில் வீட்டு உடையை யாரும் கடைக்குப் போய் வாங்குவதில்லை. தள்ளுபடியான சாம்பிள்கள் தாமாகவே வந்து சேரும். என்னிடம் இருந்த இரவு உடைகளில் ஒன்றின் வலக்கை இடக்கையைவிட அரை அங்குலம் நீளம். இன்னொன்றில் அச்சடித்த பூ இதயத்தின் பக்கம் இருக்க வேண்டியது தோளை நோக்கி நகர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் கழுத்தில் ஓர் அட்டையோடு வரும். அட்டையில் சிவப்பு மையில் 'ரிஜெக்ட்' என்றிருக்கும். அப்பா அவற்றைக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல், சோபாவின் மேல் வைத்துவிட்டுப் போவார். (பேசாத குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உறவினர்கள் ஏன் வியக்கிறார்களோ தெரியவில்லை.) நான் எடுத்துக்கொள்வேன். அட்டையை வெட்டுவேன். கம்பெனியின் எண்ணெய் வாடையும் பஞ்சும் போக ஒரு தண்ணீர் போடுவேன். பிறகு உடுத்துவேன். இதற்கென்றே ஒரு கத்திரிக்கோல் ஆணியில் தொங்கும். இந்த நான்கு வேலைகளையும் நான் யோசிக்காமல் செய்வேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதுபோல.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, படிப்பு விடுமுறையில் நான் வீட்டில் இருந்தேன். சோபாவின் மேல் ஒரு டீ-ஷர்ட் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாம்பல் நிறம், மென்மையான துணி, மார்பு முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் பெரிய நரி முகம். அளவு என்னுடையது. இரண்டு கைகளும் சம நீளம். கழுத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் முத்திரை ஒன்று கோத்து, அதில் ஓர் அட்டை தொங்கியது. நான் அட்டையைப் படித்தேன். படிக்காமல் வெட்டினேன் என்று யாரும் என்மேல் பழி சொல்லக் கூடாது. அதில் இரண்டு கையெழுத்துகளும், பச்சை மையில் 'அப்ரூவ்டு' என்ற சொல்லும் இருந்தன.

என் வாழ்க்கையில் முதல்முறையாகத் தேறிய சட்டை ஒன்று எனக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவின் அன்பு தரம் உயர்ந்துவிட்டது என்று நெகிழவும் செய்தேன்.

துணிகளில் உள்ள அட்டை, பிளாஸ்டிக், உலோகப் பொருள்களை நீக்கிய பின்னரே உருளையில் இடுக என்பது பன்னிரண்டாம் பக்கம். முத்திரையைக் கத்திரிக்கோலால் வெட்டினேன். அட்டை கனமாகவும் அழகாகவும் இருந்ததால் படித்துக்கொண்டிருந்த இலக்கண நூலில் அடையாளமாக வைத்தேன். அம்மாவின் மனநிறைவுக்காகச் சுடுநீர் வைத்துவிடலாம் என்று பருத்தி, அறுபது டிகிரி, முன் சலவையுடன் என்று தேர்ந்தெடுத்தேன். நேரம் எட்டுப் பத்து. திரையில் இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் என்று வந்தது. கதவு 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

எட்டு நாற்பதுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"கண்ணு, சோபா மேல ஒரு பீஸ் வெச்சிருந்தனே, நரி போட்டது. இருக்குதா?"

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நரி ஒருமுறை தலைகீழாக வந்து போனது.

"இருக்குதுங்கப்பா" என்றேன். தகவல் என்ற அளவில் இதில் பிழை இல்லை.

"பத்தரமா வெய்யி. அதுதான் சீல் சாம்பிள். கியூசி சாரு வண்டி பஞ்சராம், நானே கூட்டீட்டு வர்றேன். நம்மூட்டுல ஒரு வாய் சாப்புட்டுட்டு, அத எடுத்துட்டு அப்படியே கம்பெனிக்குப் போயிர்றோம். அம்மாகிட்டச் சொல்லீரு."

சீல் சாம்பிள் என்பது என்னவென்று திருப்பூரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆர்டர் கொடுப்பவர், 'இதைப் போலவே மற்ற எல்லாவற்றையும் தைத்துக் கொடுங்கள்' என்று கையெழுத்திட்டு, முத்திரை கோத்துத் தரும் ஒற்றைச் சட்டை. தைத்து முடிந்த பெட்டிகளைத் தரம் பார்க்க வரும் கியூசி அதை அருகில் வைத்துக்கொண்டுதான் மற்றவற்றை அளப்பார். அது இல்லையென்றால் அவர் பெட்டியைத் திறக்கமாட்டார். அவர் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் பெட்டி லாரி ஏறாது. அன்று மாலை ஆறு மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி புறப்பட வேண்டும். அதுவரை அப்பா மற்றவர்களின் ஆர்டர்களை வாங்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த நரி போட்ட இரண்டாயிரம் சட்டைகள்தாம் அவர் தம் சொந்தப் பெயரில் எடுத்த முதல் ஆர்டர். அதற்காக அவர் எட்டு மாதம் நடையாய் நடந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது அந்தச் சட்டையின் முகம் மட்டுமே.

நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். மெஷின் நின்றது, கதவு திறக்கவில்லை. உள்ளே நீர் மட்டமோ வெப்பமோ மிகுந்திருந்தால் கதவு திறவாது. காத்திருக்கவும் என்பது நாற்பத்தொன்றாம் பக்கம். காத்திருக்க நேரமில்லை. நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. கீழே வலது மூலையில் உள்ள சிறிய மூடியைத் திறந்து, திருகைத் தளர்த்தி, தட்டையான பாத்திரம் ஒன்றில் நீரை வடித்துக்கொள்ளலாம். நான் ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து வந்து வைத்துத் திருகைத் தளர்த்தினேன்.

மெஷின் ஒரு போசித் தண்ணீர்தான் எடுக்கிறது என்ற அம்மாவின் கணக்கு தவறானது என்பது அப்போது நிரூபணமாயிற்று. வெந்நீர் தட்டை நிரப்பி, தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய், அங்கிருந்து கூடத்துக்குள் நுழைந்தது. நான் திருகை மறுபடி இறுக்கி முடிப்பதற்குள் நடையெங்கும் சோப்பு நுரை மிதந்தது. தன் தண்ணீர் களவுபோனதை உணர்ந்த மெஷின், பொத்தானை நான் மீண்டும் அழுத்தியதும் புதிதாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அதைச் சுடவைக்கத் தேவையான நேரத்தையும் கூட்டிக்கொண்டது. மணி எட்டு ஐம்பத்தைந்து. திரையில் இரண்டு மணி நாற்பது நிமிடம். மெஷின் ஓடத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியும், என் பாடெல்லாம் போக, திரையில் குறைந்திருந்தது பதினெட்டே நிமிடம்.

மாடியிலிருந்து இறங்கி வந்த அம்மா குழாய் உடைந்துவிட்டது என்றே நினைத்தார். நான் விவரத்தைச் சொன்னேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார்.

"பன்னண்டு வருசம் செக்கிங்குல இருந்தேன் கண்ணு. சீல் சாம்பிளக் காணாம அடிச்சவங்களப் பாத்திருக்கறேன். எண்ண சிந்துனவங்களப் பாத்திருக்கறேன். தொவச்சவங்கள இப்பத்தான் பாக்கறேன்." குரலில் திட்டு இல்லை, ஏறக்குறைய வியப்புதான் இருந்தது.

அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மா தடுத்துவிட்டார். "வண்டி ஓட்டீட்டு வர்ற மனுசன்கிட்டச் சொல்லாத. வந்ததீம் சொல்லாத. கூட வர்றவரு மொத சாப்படட்டும். வகுறு காலியா இருக்கறவங்ககிட்ட எதையும் சொல்லப்படாது."

எங்கள் பக்கத்தில் விருந்தினர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை கெட்ட செய்தி வாசற்படியைத் தாண்டக் கூடாது. ஆகவே அம்மா சந்தகை, அதாவது எங்கள் ஊர் இடியாப்பம், பிழியப் போனார். நான் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியை, பனியன் வேஸ்ட்டை, அள்ளிப் போட்டுத் தரையைத் துடைத்தேன். மெஷினின் மேல் ஒரு பூத்துவாலையை விரித்து, அதன் முனை கண்ணாடியை மறைக்கும்படி தொங்கவிட்டேன்.

ஒன்பது பத்துக்கு அவர்கள் வந்தார்கள். கியூசியின் பெயர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒல்லியாக, நெற்றியில் ஒரு கோடு திருநீறோடு, சட்டைப் பையில் அளவு நாடாவைச் சுருட்டி வைத்திருந்தார். ஒரே ஒரு நூல் துணுக்குக்காக நூறு பெட்டிகளைத் திரும்பப் பிரிக்கச் சொன்னவர் என்று அவரைப் பற்றி அப்பா முன்பே கலக்கத்தோடு சொல்லியிருந்தார்.

இப்போதுதான் வீடு துடைத்தோம், பார்த்து வாருங்கள் என்று அம்மா வரவேற்றார். கியூசி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்கடியில் இன்னும் தேங்கியிருந்த நீரைப் பார்த்தார்.

"நல்லாவே தொடச்சிருக்கீக" என்றார்.

அவரை மெஷினுக்கு நேர் எதிரே உட்காரவைத்தார் அப்பா. விருந்தினருக்கு அதுதான் நல்ல நாற்காலி. அம்மா சந்தகையை வைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றினார். அப்பா, சட்டையை எடுத்து வரும்படி எனக்குக் கண்ணால் சைகை காட்டினார். நான் அசையவில்லை. கூச்சம் என்று எண்ணிக்கொண்டு மறுபடி காட்டினார். நான் சமையலறைக் கதவோரம் நின்று, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் வரைவு: 'மாதிரிச் சட்டை சலவைக்கு உட்படுத்தப்பட்டுள்ளது.' இதில் செய்தவர் யார் என்பது தெரியாது என்பது ஒரு வசதி. ஆனால் வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர் என்பதால் வசதி நீடிக்காது. இரண்டாவது வரைவு மன்னிப்பில் தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவது வரைவின் நடுவில்தான் மெஷின் வேகமெடுத்தது.

முன் சலவை முடிந்து, முதல் நீரைப் பிழிந்து தள்ளுவதற்காக அது ஒரு நிமிடம் வேகமாகச் சுற்றும். (பத்தொன்பதாம் பக்கம்.) மேலே கிடந்த துவாலை அந்த அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவத் தொடங்கியது. நான் அதைப் பார்த்தேன். அம்மா பார்த்தார். இருவரும் பார்த்துக்கொண்டேயிருந்தோம், விருந்தினரைத் தாண்டிப் பாய்ந்து ஒரு துவாலையைப் பிடிப்பது மரியாதையாக இருக்காது. துவாலை தரையில் விழுந்தது. மெஷின் வேகம் குறைந்து, மறுபடி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. ஈரமான சாம்பல் துணி ஒன்று புரண்டு மேலேறி, கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, கியூசியை நேருக்கு நேர் பார்த்துவிட்டு இறங்கியது.

அவர் வாயருகே கொண்டுபோன கையை நிறுத்தினார். நரி இரண்டாவது முறை வந்தது. அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். நரி மூன்றாவது முறை, இம்முறை ஒற்றைக் கண்ணோடு வந்தது.

"அண்ணாச்சி" என்றார் அப்பாவிடம். "அந்த நரிய எங்கயோ பாத்த மாரி இருக்கே."

அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"நாந்தானுங்க போட்டேன்" என்றேன். "எட்டுப் பத்துக்குங்க. பருத்தி, அறுபது டிகிரிங்க. எனக்குன்னு நெனச்சு முத்திரைய வெட்டீட்டேனுங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இதுல ஒண்ணும் தெரியாதுங்க. அட்டை பத்தரமா இருக்குதுங்க." உள்ளே ஓடிப்போய் இலக்கண நூலைக் கொண்டுவந்து, வேற்றுமைப் புணர்ச்சிக்கு நடுவிலிருந்து அட்டையை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்நியர் ஒருவர் முன்னால் நான் அதுவரை பேசியவற்றையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது.

"அறுபதா?" என்றார் அப்பா. அவர் கேட்டது அந்த ஒரு சொல்தான். சட்டையின் உட்புறத்தில் தைத்திருந்த லேபிள், முப்பது டிகிரிக்கு மேல் கூடாது என்கிறது. லேபிள் தைத்ததே அப்பாவின் கம்பெனிதான்.

கியூசி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கை கழுவி வந்து, தம் அலுவலகத்துக்குப் போன் செய்தார். சீல் சாம்பிளுக்கு எப்போதும் ஒரு ஜோடி உண்டு. மற்றொன்று அவர்கள் அலமாரியில் இருக்கும். அதை நேராகக் கம்பெனிக்குக் கொண்டுவந்துவிடும்படி சொன்னார். அப்பா மூச்சு விட்டார். நானும் விட்டேன். அது அவசரம் என்று பிறகு தெரிந்தது.

"சாம்பிள் பிரச்சன தீந்துச்சு" என்றார் கியூசி. "ஆனா இத நான் பாத்துட்டம்லா. இந்தத் துணி அறுபதுல வெந்து வெளிய வரும்போது பக்கத் தையல் திருகி வயித்துக்கு வந்துட்டுன்னு வைங்க. அதையும் பாத்துப்புட்டு அந்த ரெண்டாயிரம் பீஸுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? ரிப்போர்ட்ல எழுத மாட்டேன். ஆனா எனக்கு ஒறக்கம் வராது. பத்து பீஸ் எடுத்துட்டுப் போயி மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லுவேன்."

மறுபடி டெஸ்ட் என்றால் மூன்று நாள். லாரி போய்விடும்; கப்பலும் போய்விடும். பின்னலாடைத் துணிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சரியாகப் பதப்படுத்தாவிட்டால், துவைத்ததும் சட்டை தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். இடுப்போரம் இருக்க வேண்டிய தையல் முன்பக்கம் வந்து நிற்கும். அந்தத் துணியை அப்பா நம்பித்தான் வாங்கியிருந்தார். முப்பது டிகிரியில் சோதித்தும் பார்த்திருந்தார். அறுபதில் எந்தப் பைத்தியக்காரரும் துவைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

"வெளிய வரட்டும். பாத்துட்டுப் போவம்" என்று கியூசி நாற்காலியை மெஷினை நோக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டார். திரையில் இரண்டு மணி இரண்டு நிமிடம்.

ஆக, நாங்கள் நால்வரும் உட்கார்ந்து பார்த்தோம். வலப்புறம், நிறுத்தம், இடப்புறம். அம்மா இரண்டாம் முறை சந்தகை வைத்தார், பிறகு டீ, பிறகு முறுக்கு. நடுவே கியூசி கையேடு ஏதும் உண்டா என்று கேட்டார். நான் என் தமிழாக்க நோட்டைக் கொடுத்தேன். சிவப்பு அடிக்கோடுகளை எல்லாம் கவனமாகப் படித்துவிட்டு, அவசரக்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று இதில் இருக்கிறதா என்றார். காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பதினோரு மணி வாக்கில் அவரே ஓர் உண்மையைச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான சலவை லேபிள்களைச் சரிபார்த்திருக்கிறாராம்; வாஷிங் மெஷின் ஒன்று ஓடுவதை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் முறை. தாம் தங்கியிருக்கும் அறையில் ஒரு வாளி இருக்கிறது, வெள்ளை கறுப்பு எல்லாம் அதற்குள்தான் என்றார். அம்மாவுக்கு மனம் இளகிவிட்டது. அவர் தட்டில் இன்னும் நான்கு முறுக்குகள் விழுந்தன.

ஒருமுறை நான் டீ எடுக்கச் சமையலறைக்குப் போனபோது அப்பா பின்னாலேயே வந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உனக்குன்னு நெனச்சுட்டயா கண்ணு?"

"ஆமாங்கப்பா. அப்ரூவ்டுன்னு போட்டிருந்துச்சுங்க."

அவர் டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தார். "இத்தன வருசமா உனக்கு ரிஜெக்டாத்தான் கொண்டாந்து போட்டிருக்கறேன், பாத்தியா" என்றார். பிறகு தட்டை அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

முன்பக்கக் கதவு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்: அதன் கடைசி ஒரு நிமிடம் ஒரு நிமிடம் அல்ல. பதினொன்று முப்பத்தாறுக்குத் திரையில் 'ஒன்று' என்று வந்தது. வீடே அதிரும்படி மெஷின் சுழற்றிப் பிழிந்தது, நின்றது, துணி ஒருபுறமாகச் சேர்ந்துவிட்டது போலும், யோசித்தது, மறுபடி மெதுவாகப் புரட்டியது, மறுபடி பிழிந்தது. ஒன்பது நிமிடம் 'ஒன்று' என்றே இருந்தது. அவ்வளவு நேரமும் அப்பா நாற்காலியின் நுனியில், எழுவதா வேண்டாமா என்ற நிலையில் இருந்தார். பிறகு ஓர் இசை வந்தது. இசைக்குப் பிறகும் கதவு திறக்க இரண்டு நிமிடம் ஆகும் என்பதை நான் சொன்னேன். யாரும் என்னைப் பாராட்டவில்லை.

'டக்.'

கியூசி தாமே குனிந்து சட்டையை எடுத்தார். அம்மா மேசையை மூன்று முறை துடைத்துக் கொடுத்தார். அவர் சட்டையை விரித்து, உள்ளங்கையால் நீவி, தோளோடு தோள் சேர்த்து, இடுப்போரத் தையலைக் கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே போனார். அளவு நாடாவை எடுத்தார். ஒருமுறை அளந்தார். இன்னொரு பக்கம் அளந்தார். நரியின் மூக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அம்மாவும் தம்மை அறியாமல் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பழைய பழக்கத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் விருந்தினர் சொல்வதற்கு முன் அவர் சொல்லமாட்டார்.

"கால் இஞ்சு சுருங்கிருக்கு, தையல் திருகல" என்றார் கியூசி. "அதுவும் அறுபதுல. நல்ல துணி எடுத்திருக்கீக அண்ணாச்சி. வாங்க, போவோம்."

அப்பா எழுந்ததும் முதலில் செய்த காரியம், காலையிலிருந்து கவனிக்காமல் விட்ட தம் டீயை, ஆறிப்போய் ஆடை படிந்திருந்ததை, ஒரே மூச்சில் குடித்ததுதான்.

ஆறு பத்துக்கு லாரி புறப்பட்டது. அப்பா கொண்டுவந்து காட்டிய தர அறிக்கையின் கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில், கியூசி இரண்டு வரி எழுதியிருந்தார். எழுதமாட்டேன் என்றவர் எழுதிவிட்டார். 'சாம்பிள் உற்பத்தியாளர் வீட்டில் அறுபது டிகிரியில் துவைக்கப்பட்டது. தையல் திருகவில்லை, அச்சு மங்கவில்லை.' ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரர்கள் அடுத்த ஆர்டரையும் அப்பாவுக்கே கொடுத்தார்கள். எல்லா உற்பத்தியாளர்களும் இவ்வளவு அக்கறையாகச் சோதிப்பதில்லை என்று அவர்கள் சொன்னதாகக் கேள்வி. அதை நாங்கள் இன்றுவரை திருத்தவில்லை.

மற்றதைத்தான் நான் திருத்திக்கொண்டிருக்கிறேன். அப்பா அந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறார். துணி வியாபாரியிடம், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட. பேசாதவர் என்று பெயரெடுத்தவருக்கு இந்த ஒரு கதைக்கு மட்டும் நாக்கு சரளமாக வருகிறது. ஆனால் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. ஒரு தடவை தண்ணீர் தெருவரை போனது. ஒரு தடவை மூன்று சாம்பிள்கள். ஒரு தடவை கியூசி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். நான் அறையில் படித்துக்கொண்டிருப்பேன். விருந்தினர் முன் வரமாட்டேன். ஆனால் தவறான தகவல் காதில் விழுந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. வெளியே வந்து திருத்துவேன். திருத்திய பிறகு அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொன்ன பிறகு பின்னால் நடந்ததையும். அப்படியே கதை முழுவதையும் நான்தான் சொல்லி முடிப்பேன், வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருப்பேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அறைக்குள் ஒளிந்துகொள்கிற ஒரு பெண்ணை வெளியே வரவழைக்க அவர் வேண்டுமென்றேதான் பிழையாகச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிவதற்கு ஓராண்டு பிடித்தது.

புரிந்தும் பயனில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை யாரோ வந்திருந்தார்கள். கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "நாப்பது டிகிரில போட்டுட்டாளுங்க எங்க பாப்பா." நான் புத்தகத்தை மூடினேன். அப்படிச் சொல்கிறவர் யார், எதற்காகச் சொல்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

"அறுபதுங்கப்பா" என்றேன்.

எனக்கான நாற்காலியை அம்மா ஏற்கெனவே இழுத்துப் போட்டிருந்தார்.